எண்பத்தாறு கிலோவுக்கு ஆள் இல்லை

ஆகஸ்ட் 4

எடை 85.4. காலையில் இட்லி, மத்தியானம் சோறும் மீன் குழம்பும், சாயங்காலம் பால்.

எடையையும் சாப்பாட்டையும் எழுதி வைத்தால் போதும் என்றுதான் ஜிம் வாத்தியார் இந்த நோட்டை எங்கள் எல்லோருக்கும் கொடுத்தார். மற்றவர்கள் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். ஜிம்மில் பேசினால் ஸ்கிப்பிங் கயிறு பறந்து வருகிறது, அதனால் இங்கே பேசுகிறேன்.

இன்றைய சேதி இது. மாநிலக் குத்துச்சண்டைப் போட்டி இருபத்தொன்பதாம் தேதி. எண்பது கிலோவுக்கு மேல் எண்பத்தாறு வரை க்ரூஸர்வெயிட், அதுதான் என் பிரிவு. போன வருஷம் மூன்று பேர் ஆடினோம். அதில் திண்டுக்கல் போலீஸ்காரர் உடம்பு போட்டுத் தொண்ணூற்றிரண்டுக்குப் போய்விட்டார். மொத்தத் தமிழ்நாட்டிலும் மிச்சம் இரண்டே பேர். நானும் வியாசர்பாடி காளத்தியும். இரண்டு பேராவது எடை மெஷினில் ஏறினால்தான் போட்டி, இல்லாவிட்டால் அந்தப் பிரிவையே எடுத்துவிடுவோம், இனி எந்த வருஷமும் கிடையாது என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டாராம்.

சேதியைக் கொண்டுவந்த வாத்தியாருக்கு அதில் துளி வருத்தமும் இல்லை. "எண்பத்தாறெல்லாம் ஒரு வெயிட்டாடா நேசா? எறங்குனா எண்பது, ஏறுனா தொண்ணூத்திரண்டு. நடுவுல நின்னுகினு இன்னா கிழிக்கப்போற?" என்றார்.

பதில் சொல்லவில்லை. கயிறு அவர் கையில் இருந்தது.

ஆகஸ்ட் 5

எடை 85.5. சாப்பாடு நேற்று மாதிரியே.

வாத்தியாருக்குச் சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன். எண்பதுக்கு நான் போய்ப் பார்த்தாயிற்று. பட்டினி கிடந்து இறங்கி, முதல் ரவுண்டிலேயே கண் இருட்டி உட்கார்ந்தேன். தொண்ணூற்றிரண்டுக்கும் போய்ப் பார்த்தாயிற்று. அங்கே இருக்கிறவர்கள் தோளுக்குத்தான் என் தலை வருகிறது. விலா எலும்பில் ஒன்று விரிசல் விட்டு, பிழைப்புக்கு வீடு வீடாகப் போடுகிற தண்ணீர் கேனை இரண்டு மாதம் தூக்க முடியாமல் கிடந்தேன். என் அளவுக்குத் தைத்த சட்டை எண்பத்தாறு ஒன்றுதான். அதையும் கழற்று என்றால் என்ன செய்வது?

எண்பதுக்காரனுக்குக் கால் ஓடும், கையில் கனம் இருக்காது. தொண்ணூற்றிரண்டுக்காரனுக்குக் கை கனக்கும், இரண்டாவது ரவுண்டில் மூச்சு வாங்கும். வேகமும் கனமும் ஒரே ஆளிடம் வேண்டும் என்றால் எங்களைத்தான் பார்க்க வேண்டும். பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை. ஒலிம்பிக்கில் எண்பதுக்கு அப்புறம் நேராகத் தொண்ணூற்றிரண்டு. காசுக்கு ஆடுகிற வெளிநாட்டுக்காரர்களிடமும் இதே கதை. இந்தப் பிரிவில் பட்டம் வாங்கினவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஹெவிவெயிட்டுக்கு ஓடுகிறான். பெயரும் பணமும் அங்கேதான். கேன் போடுகிற வீடுகளில் நான் க்ரூஸர்வெயிட் என்று சொன்னால், அது என்ன, ஹெவிவெயிட்டுக்குத் தம்பியா என்று கேட்கிறார்கள்.

எனக்கு முப்பத்தொன்று. கடைசி இரண்டு வருஷமும் ஃபைனலில் காளத்தியிடம் தோற்றேன். உண்மையில் நான்தான் ஜெயித்தேன் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். என் மனைவி ரூத் சொல்லுவாள். கேட்டால் சொல்லுவாள்.

இந்த முறை ஜெயிப்பேன். அவன் இடது கைக்காரன். அந்த இடது கை எங்கே இருந்து கிளம்புகிறது என்று எனக்கு இப்போது தெரியும்.

ஆகஸ்ட் 8

எடை 85.1. ராத்திரி சாப்பிடவில்லை, கோபம்.

காளத்தி எண்பதுக்கு இறங்குகிறானாம். அவன் தாய்மாமா தணிகாசலம்தான் அவனுக்கு எல்லாம். சாப்பாடு, பயிற்சி, யாரிடம் பேசலாம் யாரிடம் பேசக்கூடாது என்பது வரைக்கும். ஏதோ ஒரு கம்பெனி அணியில் ஆள் எடுக்கிறார்களாம். எண்பதில் மெடல் இருந்தால் நிரந்தர வேலை. எண்பத்தாறில் இருந்தால் வாழ்த்துகள்.

வேலைக்காகப் போகிறவனை நான் என்ன சொல்ல முடியும்? ஆனால் அவன் போனால் நான் மட்டும்தான் மெஷினில் ஏறுவேன். தனியாக ஏறினவனுக்குச் சண்டை கிடையாது. எனக்கும் கிடையாது, என் பிரிவுக்கும் கிடையாது.

ஆகஸ்ட் 10

எடை 85.3. பிரியாணி அரை பிளேட்.

ரூத் சாயங்காலத்தில் புளியந்தோப்பு மெயின் ரோட்டில் பீஃப் பிரியாணிக் கடை போடுகிறாள். தள்ளுவண்டிதான், ஆனால் தேக்சா மூடியைத் திறந்தால் வாசம் பாலம் வரைக்கும் போகும். நான் டெம்போவை ஓரம் கட்டிவிட்டுப் பார்சல் மடித்துக்கொண்டிருந்தேன். எதிரே மூடிக் கிடந்த ஜெராக்ஸ் கடை வாசலில் ஒருவன் நின்றுகொண்டே இருந்தான். வாங்கவும் வரவில்லை, போகவும் இல்லை. போய்ப் பார்த்தால் காளத்தி.

என்னடா என்றேன். "சும்மாதாண்ணா. வாசன புட்ச்சிகினு போலாம்னு" என்றான்.

சிரித்துவிட்டேன். கன்னம் ஒட்டியிருந்தது. ரிங்கில் எவ்வளவு அடித்தாலும் இவன் ஒரு நாளும் என்னை ஒருமையில் கூப்பிட்டதில்லை, அண்ணாதான். கையைப் பிடித்து இழுத்து வந்து ஸ்டூலில் உட்கார வைத்தேன். ரூத் எதற்கு என்னவென்று கேட்காமலேயே ஒரு பிளேட் வைத்தாள். பாதி சாப்பிடும்போது கண்ணை மூடிக்கொண்டான்.

பசித்தவனுக்குச் சோறு போட்டேன், அவ்வளவுதான். அப்போது என் மனசில் எந்தத் திட்டமும் இல்லை. இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 11

எடை 85.3. இன்றும் வந்தான். இரண்டு பிளேட்.

ஆகஸ்ட் 13

எடை 85.6. நானும் அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். கூட ஒருவன் சாப்பிட்டால் அவனுக்குக் கூச்சம் போகிறது.

தணிகாசலம் இனி இருபதாம் தேதிதான் எடை பார்ப்பாராம். அதுவரைக்கும் அவர் கொடுக்கிற கேழ்வரகுக் கூழும் வெள்ளரிக்காயும்தான். பிரியாணி சாப்பிட்ட மறுநாள் ஓடிக் கரைத்துவிடுவேன் என்கிறான் காளத்தி. ஜிம் மெஷினில் ஏற்றிப் பார்த்தேன். எண்பத்தைந்துக்கு ஒரு நூல் குறைவு. நல்ல எடை. ஆள் பார்க்கவும் நன்றாக இருக்கிறான். இந்த உடம்பைப் போய் எண்பதில் அடைக்க வேண்டும் என்று எவனுக்குத் தோன்றும்?

ரூத், அவன் தட்டில் மட்டும் ஏன் கறி அதிகம் வைக்கச் சொல்கிறாய் என்று கேட்டாள். விருந்தாளி என்றேன்.

ஆகஸ்ட் 16

எடை எழுத மறந்துவிட்டேன்.

ரூத்துக்குத் தெரிந்துவிட்டது. காளத்தி பேச்சுவாக்கில் எண்பதைப் பற்றி உளறிவிட்டான். அவன் போனதும், தேக்சாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அவன் எடைய கொறைக்க ஓடிகினு கீறான். நீ கூப்ட்டு கூப்ட்டு துன்ன வெக்கிற. நீ இன்னா பண்றேன்னு உனக்குத் தெரியுதா?"

அவனுக்குக் கையும் வாயும் இருக்கிறது, நான் ஊட்டிவிடவில்லை என்றேன். எண்பதுக்குப் போய் அங்கே அடிவாங்குவதைவிட எண்பத்தாறில் இருப்பது அவனுக்கே நல்லது என்றும் சொன்னேன். அவனுக்கா உனக்கா என்று கேட்டாள். என் கடையில் இனிமேல் அவனுக்குச் சோறு கிடையாது என்று முடித்துவிட்டாள்.

பெண்களிடம் பாக்ஸிங் பேசக்கூடாது.

ஆகஸ்ட் 18

எடை 85.8.

பார்சல் வாங்க ரூத்தின் கடைதான் வேண்டுமா? வேறு கடையில் வாங்கிக் காசிமேடு பக்கம் கடற்கரைச் சாலையில் டெம்போவை நிறுத்தினேன். காளத்தி அங்கேதான் காலையில் ஓடுகிறான். கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டான். கடைப் பிரியாணி அண்ணி கை மாதிரி வராது என்றான்.

எனக்கு அவனோடு பேசினால் நேரம் போவது தெரிவதில்லை. வாத்தியாரிடம் சொன்னால் புரியாத விஷயம் இவனுக்குப் பாதி சொல்லும்போதே புரிகிறது. எடை பாதிக் கிலோ ஏறினால் கால் எப்படி மாறும், இறங்கினால் கை எப்படி மாறும் என்று இவனும் நானும் மட்டும்தான் பேச முடியும். வேறு யார் இருக்கிறார்கள்?

அதையே அவனும் சொன்னான். "எண்பத்தாறுன்னா நீயும் நானும்தாண்ணா. வேற யாருக்கும் வேணாம். நம்மள நாமளே அட்ச்சிகினு கீறோம்."

அப்படியென்றால் இங்கேயே இருந்துவிடேன் என்றேன். கையைக் கழுவிக்கொண்டு, மாமா ஒத்துக்க மாட்டார் என்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னான்.

ஆகஸ்ட் 21

எடை 85.7. காளத்தி வரவில்லை. பார்சலை நானே சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 22

எடை 85.7. வரவில்லை.

வியாசர்பாடிப் பையன்களிடம் விசாரித்தேன். இருபதாம் தேதி மெஷினில் ஏற்றிப் பார்த்த தணிகாசலம் ஆடிப்போய்விட்டாராம். எடை இறங்கவே இல்லை, கொஞ்சம் ஏறியும் இருக்கிறது. எங்கே தின்றாய் என்று கேட்டு அறைந்தாராம். அவன் யார் பெயரையும் சொல்லவில்லையாம். இப்போது பிளாஸ்டிக் கோட்டு மாட்டி ஓடவிடுகிறார். சோறு சுத்தமாக நிறுத்தம், தண்ணீரும் அளந்துதான்.

மாமா என்று ஒருவர் இப்படியும் இருப்பாரா? கொஞ்சமாவது ஈரம் வேண்டாமா?

ஆகஸ்ட் 24

எடை 85.0.

மத்தியான வெயிலில் பேசின் பிரிட்ஜ் மேல் காளத்தியைப் பார்த்தேன். கருப்புப் பிளாஸ்டிக் கோட்டைக் கழுத்து வரை இழுத்து மாட்டி, அதன் மேல் கம்பளி ஸ்வெட்டர். ஓடவில்லை, ஓடுகிற மாதிரி நடந்துகொண்டிருந்தான். டெம்போவை அவன் பக்கத்திலேயே மெதுவாக ஓட்டினேன். பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்.

கேனைத் திறந்து ஒரு டம்ளர் நீட்டினேன். வாங்கி, வாயில் ஊற்றிக் கொப்பளித்து, ரோட்டில் துப்பினான். ஒரு சொட்டு உள்ளே விடவில்லை. டம்ளரைத் திருப்பிக் கொடுத்தான். இன்னும் மூணு கிலோண்ணா என்றான்.

டெம்போ நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு அவன் பின்னாடியே போனேன். அவன் மூலகொத்தளம் பக்கம் திரும்பியபிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அந்த மூன்று கிலோவைப் பற்றி யோசிக்கக்கூடாது என்று இருக்கிறேன். எல்லாம் தணிகாசலம் செய்கிற வேலை.

ஆகஸ்ட் 26

எடை 84.2. சாப்பாடு இறங்கவில்லை. காய்ச்சலா என்று ரூத் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இல்லை.

ஆகஸ்ட் 28

எடை 84.4.

தணிகாசலம் வீட்டுக்குப் போனேன். என்னை வாசலிலேயே நிறுத்தினார். உள்ளே காளத்தி கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. சூயிங்கம் மென்று ஒரு பாட்டிலில் எச்சிலைத் துப்பிக்கொண்டிருந்தான். உடம்பில் இருக்கிற ஈரத்தை எப்படியாவது வெளியே எடுக்க வேண்டுமாம். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான், எழுந்து வரவில்லை.

வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனதைச் சொன்னேன். பையன் உடம்பு தாங்காது, எண்பத்தாறிலேயே விட்டுவிடுங்கள், இன்னொரு வருஷம் மெதுவாக இறக்கிக்கொள்ளலாம் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உனுக்கு ஆடறதுக்கு ஆள் வேணும்னு கேக்க வந்தியா, இல்ல அவனுக்காக வந்தியா? அத மட்டும் சொல்லு, நான் வுட்டுட்றேன்."

ஒரு வார்த்தை போதும். அவனுக்காக என்று சொல்லியிருக்கலாம். நான் வாயைத் திறந்தேன், வரவில்லை. கதவைச் சாத்திவிட்டார்.

திரும்பி வந்து ரூத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடற்கரைப் பார்சல் உட்பட. அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 29

எடை 84.3.

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் ஸ்டேடியத்தில் எடை பார்த்தார்கள். நான் ஏறி இறங்கினேன். எண்பத்தாறு கிலோ, ஒருவர், என்று எழுதிக்கொண்டார்கள். பக்கத்து வரிசையில் காளத்தி. ஜட்டியோடு மெஷினில் ஏறினான். எண்பதுக்கு மேல் முன்னூறு கிராம் காட்டியது. மறுபடி ஏற ஒரு மணி நேரம் கொடுப்பார்கள். தணிகாசலம் அவனுக்குக் கோட்டை மாட்டிப் படிக்கட்டில் ஏற்றி இறக்கினார். கடைசியில் தலையை மழித்துக்கூடக் கொண்டுவந்தார். மெஷின் நூறு கிராம் இறங்கியது, அதற்கு மேல் நகரவில்லை. அவனிடம் விட வேர்வையே இல்லை.

நேரம் முடிந்தது. தணிகாசலம் மேசைக்குப் போய், காளத்தியை எண்பத்தாறில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். வெயிட் எடுத்து முடிக்கும்வரை பிரிவு மாறலாம் என்று விதி இருக்கிறது. சேர்த்துக்கொண்டார்கள். எண்பத்தாறு கிலோ, இருவர்.

இந்த மாதம் முழுக்க நான் எதைக் கேட்டேனோ அது கிடைத்துவிட்டது.

ஒரு நாள் ஓய்வு கிடைத்தால் அவன் தண்ணீர் குடித்துத் தேறிவிடுவான் என்று நினைத்தேன். ஃபைனல் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதானே. ஆனால் எண்பத்தாறுக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாதாம். இரண்டே பேர், நேராக ஃபைனல், அதை முதல் நாள் மத்தியானமே முடித்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். சிறப்பு விருந்தினர் வருவதற்கு முன்னால், நாற்காலி போடுகிற நேரத்தில். செயலாளரிடம் போய், ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுங்கள் என்று கேட்டேன். அவர் போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டே, இப்போது ஆடுகிறீர்களா, இல்லை கேன்சல் பண்ணிவிடவா என்று கேட்டார். கேன்சல் என்றால் பிரிவு இன்றோடு போயிற்று.

காளத்தி எனக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆடுகிறோம் என்றேன். இரண்டு பேருக்கும் சேர்த்து நானே சொன்னேன்.

மூன்று மணி நேரத்தில் அவன் குடித்த தண்ணீரையெல்லாம் வாந்தி எடுத்தான் என்று ரூத் வந்து சொன்னாள். பையனுக்கு வேர்வை நின்றுபோனால் அவ்வளவுதான், பார்த்துக்கொள் என்றாள். டாக்டர் பார்க்கவில்லையா என்று கேட்டேன். காலையில் எல்லோரையும் பார்த்ததோடு சரி, இப்போது சாப்பிடப் போயிருக்கிறார் என்றாள்.

மணி அடித்தார்கள். ஸ்டேடியத்தில் காற்றே இல்லை. முதல் ரவுண்டில் நான் ஒழுங்காகத்தான் ஆடினேன். என் இடது கை ஜாப் குத்து ஒவ்வொன்றும் அவன் முகத்தில் போய் உட்கார்ந்தது. சந்தோஷப்பட வேண்டும், பயம் வந்தது. அவனுடைய இடது கையை நான் இரண்டு வருஷமாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். அது கிளம்பவே இல்லை. கார்னரில் வாத்தியார் தண்ணீர் ஊற்றினார். பையன் காலியாக இருக்கிறான், அடுத்த ரவுண்டில் முடித்துவிடு என்றார்.

இரண்டாவது ரவுண்டு ஆரம்பத்தில் வலது கையால் வயிற்றில் ஒன்று வைத்தேன். அவனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அடிபட்டவன் போடுகிற சத்தம் இல்லை. அப்படியே பிடித்துக்கொண்டேன். என் கன்னம் அவன் தோளில் பட்டது. ரெஃப்ரீ சட்டைகூட நனைந்து ஒட்டியிருந்தது, இவன் தோள் காய்ந்து சுட்டது.

விழுந்துவிடு, விழுந்தால் முடிந்துவிடும் என்று காதில் சொன்னேன்.

"வுழ மாட்டேண்ணா. நீ அடி" என்றான்.

ரெஃப்ரீ பிரித்துவிட்டார். காளத்தி ஒரு அடி முன்னால் வந்தான், கால் இடறியது. நான் மறுபடி பிடித்துக்கொண்டேன். எச்சரிக்கை கொடுத்தார். பிரித்தார். மறுபடி பிடித்தேன். வாத்தியார் கத்துவது கேட்டது. நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பதும் கேட்டது. கையைத் தூக்கி ஒதுங்கியிருக்கலாமே என்று இப்போது ஆளாளுக்குச் சொல்கிறார்கள். எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. விட்டால் இவன் தலைகுப்புற விழுந்துவிடுவான் என்று மட்டும்தான் தோன்றியது. அதனால் விடவில்லை.

மூன்றாவது எச்சரிக்கையோடு என்னைத் தகுதி நீக்கம் செய்தார்கள். க்ரூஸர்வெயிட் வெற்றியாளர் காளத்தீஸ்வரன் என்று மைக்கில் சொன்னார்கள். ரெஃப்ரீ அவன் கையைத் தூக்கினார். கை மட்டும் மேலே போனது, மிச்ச உடம்பு கீழே போனது.

ஆகஸ்ட் 30

எடை பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்தேன். உடம்பில் தண்ணீர் வற்றி கிட்னி பாதித்திருக்கிறதாம். அந்த ரவுண்டு முடிகிறவரை அடி வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் ரூத் கேட்டாள். டாக்டர், அதை மட்டும் கேட்காதீர்கள் என்றார். தணிகாசலம் வரவில்லை. பையன் எழுந்தால் சொல்லச் சொல்லிப் போன் செய்தார், அவ்வளவுதான்.

சாயங்காலம் காளத்தி கண் திறந்தான். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. ரூத் ஸ்பூனில் கஞ்சி ஊட்டினாள். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பித்தேன். நான் உனக்குச் சோறு போட்டது என்று தொடங்கும்போதே அவன் குறுக்கிட்டான்.

"தெரியும்ணா. மொத நாளே தெரியும். எனுக்கும் எண்பதுக்குப் போவ இஷ்டம் இல்ல. மாமா கைல அத சொல்ல தைரியம் இல்ல. நான் துன்னுட்டா மெஷினே அவருக்கு சொல்லிடும்னு பாத்தேன்."

ரூத் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். வாயிருந்தும் பேசாத தடியன்கள் இரண்டு பேருக்கு என் பிரியாணிதான் கிடைத்ததா என்றாள். அப்புறம்தான் என்னைத் திட்டினாள். வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குத் திட்டினாள். வெளியே வராந்தாவுக்கு வந்து நான் அழுதேன்.

செப்டம்பர் 9

எடை 86.3.

சங்கக் கூட்டத்துக்குப் போன வாத்தியார் திரும்பி வந்தார். எண்பத்தாறை எடுத்துவிட்டார்கள். காரணம் வேறு சொல்லியிருக்கிறார்கள். கடைசியாக நடந்த ஃபைனலே சாட்சி, இரண்டு பேரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள், அந்தப் பிரிவில் சண்டை போடத் தெரிந்தவர்களே இல்லை என்றார்களாம்.

வாத்தியார் கிண்டல் ஏதாவது செய்வார் என்று காத்திருந்தேன். செய்யவில்லை. கூட்டத்தில் அவர் என்ன பேசினார் என்று கேட்டேன், நீ போய் பேக் அடி என்றார்.

காளத்தி தணிகாசலம் வீட்டைவிட்டு வந்துவிட்டான். கம்பெனி வேலை வேறு யாருக்கோ போயிற்று. இப்போதைக்கு என் டெம்போவில் கேன் ஏற்றுகிறான். இரண்டு மாதத்துக்கு ரிங் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

நவம்பர் 16

எடை 85.7. காளத்தி 85.2. இரண்டு பேரும் ஒரே பிரியாணிதான்.

டாக்டர் நேற்று அவனுக்குச் சரி சொல்லிவிட்டார். காலையில் ஜிம்முக்கு வந்தான். கையில் துணி சுற்றிக்கொண்டே, பாக்கி ஒன்று இருக்கிறதே அண்ணா, ஆடிவிடுவோமா என்றான்.

வாத்தியார் முடியாது என்றார். இல்லாத வெயிட்டுக்கு எதற்கடா ஃபைனல் என்றார். பிறகு ரிங்கில் கிடந்த பாயை அவரே சுருட்டி எடுத்தார். மூன்று ரவுண்டு, ரவுண்டுக்கு மூன்று நிமிஷம், தலைக்குக் கவசம் கண்டிப்பாக வேண்டும் என்றார். பார்க்க ஆள் என்று பார்த்தால் அவரும் ரூத்தும்தான்.

முதல் ரவுண்டு என்னுடையது. இதை நான் சொல்லவில்லை, ரூத் சொன்னாள், கேட்காமலே சொன்னாள். இரண்டாவது ரவுண்டில் அவன் கால் ஓட ஆரம்பித்தது. நான் போட்ட கை எல்லாம் அவன் நின்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது, அவன் அங்கே இல்லை. வேர்வை அவன் தாடையிலிருந்து சொட்டிப் பலகையெல்லாம் ஈரம். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வெறி வந்தது. ஆசை தீர அடித்தேன். அவனும் வைத்தான்.

மூன்றாவது ரவுண்டு முடிகிற வழியாக இல்லை. எனக்கு மூச்சு வாங்கியது, கை இறங்கியது, இவ்வளவு நீளமான மூன்று நிமிஷத்தை நான் ஆடினதே கிடையாது. என்னதான் ஆயிற்று என்று கயிற்றுக்கு வெளியே ஓரக்கண்ணால் பார்த்தேன். வாத்தியார் விசிலை வாயில் வைத்தபடி, முழங்கையைப் பலகையில் ஊன்றி, எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். வாட்ச் பக்கம் திரும்பவே இல்லை. ஊத மறந்துவிட்டிருக்கிறார்.

அந்த ஒரு நொடியில்தான் காளத்தியின் இடது கை கிளம்பி வந்து என் தாடையில் இறங்கியது. உட்கார்ந்துவிட்டேன். இந்த முறையும் அவன்தான்.